புனித யோசப் வாஸ் அடிகளார் (1651 – 1711): இறைவன் தரும் விடுதலையை நம்பி வாழக் கற்றவர்

2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் நடைபெற்ற திருப்பலியின்போது திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1995 ஜனவரி 21இல், அதே திடலில்தான் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்திருந்தார். பரீட்சை விடைத்தாள்களில் இவ்விரு நிகழ்வுகளையும் மாணவர்கள் அடிக்கடி மாற்றி எழுதிவிடுகின்றனர். முத்திப்பேறு முதலில், புனிதர் நிலை பின்னர் என்பதை நினைவிற் கொண்டால் ஆண்டுகள் தாமாகவே சரியாக அமையும்.

இலங்கையின் அப்போஸ்தலர் என அழைக்கப்படும் இவர் இலங்கையிற் பிறந்தவரல்லர். படையோ பணமோ பதவியோ இன்றி, பிச்சைக்காரனின் வேடத்தில் இந்நாட்டுக்கு வந்தவர். வந்த ஐந்து ஆண்டுகளில் கண்டியிற் சிறைப்பட்டவர். இறைவன் தம்மை நம்பியோரை இடர்களிலிருந்து விடுவிப்பார் என்று நாம் மறைக்கல்வி வகுப்பிற் படிக்கின்றோம். அந்த விடுதலை எப்படி வரும், எப்போது வரும், எல்லோருக்கும் ஒரே விதமாக வருமா என்பதை அடிகளார் புத்தகத்திற் படித்து அறியவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டின் பாதைகளிற் காலால் நடந்து அறிந்துகொண்டார்.

பிறப்பும் கல்வியும்

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, அக்காலத்திற் போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்த கோவாவில், தாயின் ஊரான பெனாலிமில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், தாய் மரியா டி மிராண்டா. ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். தாய்மொழி கொங்கணி. போர்த்துக்கேய மொழியைத் தந்தையின் ஊரான சாங்கோலேயிலும் இலத்தீனைப் பெனாலிமிலும் கற்றார். பின்னர் கோவா நகரில் இயேசுசபையினரின் புனித பவுல் கல்லூரியில் உயர்கல்வி பெற்று, 1676இற் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

மறு ஆண்டு, 1677 ஓகஸ்ட் 5இல், அவர் ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அதிலே தம்மை அன்னை மரியாளின் அடிமையாக எழுதிக்கொடுத்தார். சொத்து விற்கும் உறுதி போல ஒருவர் தம்மையே எழுதிக்கொடுப்பது இன்று எமக்கு வியப்பாக இருக்கலாம். எனினும் பிற்காலத்திற் கண்டியிலே விலங்கிடப்பட்ட மனிதர், இருபத்தாறு வயதிலேயே தமது சுதந்திரத்தை விரும்பிக் கையளித்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இவ்வரலாற்றை வாசிக்க வேண்டும்.

இலங்கையின் நிலை

இங்கே வரலாற்றுப் பாடத்திற் படித்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஒல்லாந்தர் கல்வீனிய மதப்பிரிவைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கர்கள் போர்த்துக்கேயருக்குச் சார்பாகவே இருப்பர் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1658ஆம் ஆண்டுக் கட்டளையின்படி குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் ஒல்லாந்தரின் வசமாயின. திருமுழுக்கும் திருமணமும் அவர்களின் முறைப்படியே பதியப்பட வேண்டும். இல்லையேல் காணி உரிமை முதலானவற்றிற் சிக்கல் ஏற்படும். இந்நிலையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் குரு இல்லாமலே வாழ்ந்தனர். வெளியே ஒல்லாந்தருக்குப் பணிந்தவர்கள் போலவும், வீட்டுக்குள்ளே கதவை மூடிக்கொண்டு செபமாலை சொல்பவர்களாகவும் பல குடும்பங்கள் இரட்டை வாழ்க்கை வாழ வேண்டியிருந்தது.

இச்செய்தி கோவாவை எட்டியது. யோசப் வாஸ் இலங்கைக்குச் செல்ல அனுமதி கேட்டார். ஆனால் 1681இல் அவர் அனுப்பப்பட்டதோ கனரா எனப்படும் கன்னடக் கரையோரத்துக்கு. அங்கே உரோமையினால் நியமிக்கப்பட்ட ஆயருக்கும், போர்த்துக்கேய அரசனின் உரிமையைக் காத்து நின்ற கோவாத் தலைமைக்கும் இடையே அதிகாரப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இளங்குருவான யோசப் வாஸ் இருபக்கமும் இடிபடும் மத்தளமானார். 1684இற் கோவாவுக்குத் திரும்பினார். கேட்டது கிடைக்காமல் கேட்காதது கிடைத்த அந்த ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. ஆனால் பொறுத்திருக்கும் பழக்கத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

ஐரோப்பியத் துறவற சபைகள் கோவாவின் சுதேசக் குருமாரைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளாத காலம் அது. எனவே சுதேசக் குருமார் சிலர் தாமே ஒன்றுசேர்ந்து வாழத் தொடங்கியிருந்தனர். 1685 செப்டெம்பரில் யோசப் வாஸ் இவர்களோடு இணைந்தார். இக்குழுவே புனித பிலிப்பு நேரியின் முறையைப் பின்பற்றிய ஒரட்டோரியன் சபையாக வளர்ந்தது. இலங்கைக்குப் பிற்காலத்தில் வந்த குருமாரும் இச்சபையினரே. ஒருவர் இருந்த இடத்திற்கு அடுத்தவர் வருவதற்கு ஓர் அமைப்பு இருந்தபடியாற்றான் அடிகளாரின் பணி அவரோடு முடிந்துபோகவில்லை. இதனை விடையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் பலர் எழுதுவதில்லை.

கடலும் காய்ச்சலும்

1686இல் அடிகளார் சபையின் தலைமைப் பொறுப்பைத் துறந்து, யோவான் என்னும் இளம் பணியாளனோடு புறப்பட்டார். தென்னிந்தியக் கரை வழியாக நடந்து 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தூத்துக்குடியை அடைந்தார். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தரின் கையில் இருந்தது. குருவின் அங்கியோடு தோணி ஏற முடியாது. ஆகவே அங்கியைக் களைந்து, கூலியாளைப் போல அரையில் ஒரு துணி மட்டும் கட்டி, வெறுங்காலோடு தோணியில் ஏறினார். திருப்பலிக்கு வேண்டிய பொருட்கள் மூட்டைக்குள் மறைக்கப்பட்டிருந்தன.

குறுகிய கடற்பயணம் புயலினால் நீண்டது. உணவும் குடிநீரும் குறைந்தன. மன்னார்க் கரையைத் தொட்டு, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அடிகளார் கடும் வயிற்றோட்டத்தினால் நிற்கவும் இயலாதவராக இருந்தார். தொற்றிவிடும் என்ற பயத்தினால் மக்கள் அவரை ஊருக்கு வெளியே பற்றைக் காட்டோரத்தில் விட்டுவிட்டார்கள் என்றும், இரக்கமுள்ள ஒரு பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்றும் வரலாறு கூறுகின்றது. யோவானும் நோயுற்றான்.

எத்தனை பெரிய திட்டத்தோடு கடல் கடந்தவர்! வந்த இடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் செய்யாமல், ஒரு கோப்பைக் கஞ்சிக்காகக் காத்துக் கிடந்தார். அப்பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் கிறிஸ்தவளா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தாம் காப்பாற்ற வந்த மக்களில் ஒருத்தியால் தாம் காப்பாற்றப்பட்டதே இலங்கையில் அடிகளார் கற்ற முதற்பாடம்.

உடல் தேறியதும் யாழ்ப்பாணத் தெருக்களிற் பிச்சை எடுத்தார். கத்தோலிக்கர் யார், காட்டிக்கொடுப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டறியவும் முடியாது. ஆகவே கழுத்திற் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றார். செபமாலையைக் கண்டு சிலர் ஏளனம் செய்தனர், சிலர் துரத்தினர். யாருடைய கண் செபமாலையில் தங்கி நின்றதோ, யாருடைய முகம் மாறியதோ அவர்களை அடிகளார் கவனித்துக்கொண்டார். பிச்சை இட்ட ஒரு குடும்பத்திடம் மெதுவாகப் பேச்சுக்கொடுத்து, குரு ஒருவர் வந்தால் ஏற்பார்களா என விசாரித்து, கடைசியில் தாமே அக்குரு என்பதை வெளிப்படுத்தினார். மரண தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த ஊரில் இது எத்தகைய துணிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. துணிவு அவரிடம் மட்டுமன்றி, கதவைத் திறந்த அக்குடும்பத்திடமும் இருந்தது.

சில்லாலையும் 1689ஆம் ஆண்டு நத்தாரும்

பின்னர் அவர் சில்லாலைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு கத்தோலிக்கர் தொகையாகவும் உறுதியாகவும் இருந்தனர். இரவிலே திருப்பலி, ஒப்புரவு, திருமுழுக்கு, பகலிலே மறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே சென்றது. தமிழையும் அவர் கற்றுக்கொண்டார்.

ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா? 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த வேளையிற் படையினர் புகுந்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டதாகக் கூறப்படுகின்றது. ஆனால் தேடி வந்த குருவோ அகப்படவில்லை. படையினரின் கண்களுக்கு அவர் தெரியாமற் போனார் என்பது மக்கள் மரபு. பிடிபட்டவர்களிற் பெரும்பாலோர் விடுவிக்கப்பட, தலைவர்களாகக் கருதப்பட்ட எட்டுப் பேர் கசையடிக்கு உள்ளாயினர். அவர்களில் தொன் பேதுரு என்பவர் முன்னர் கல்வீனியராக இருந்து கத்தோலிக்கரானவர். அடிகளின் கொடுமையினால் அவர் உயிரிழந்தார். ஏனையோர் கடூழிய வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது எமது வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வியை மறக்க முடியவில்லை. இறைவன் அடிகளாரைக் காப்பாற்றினார் என்றால் தொன் பேதுருவை ஏன் காப்பாற்றவில்லை என்பதே அக்கேள்வி. சுலபமாகப் பதில் சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் இக்கேள்வி திருவிவிலியத்திலேயே இருக்கின்றது. திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழ, வானதூதர் அவரைச் சிறையிலிருந்து வெளியே அழைத்து வந்த நிகழ்வு அங்கே விரிவாக உள்ளது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஏரோது அரசன் யாக்கோபை வாளால் வெட்டிக் கொன்ற செய்தி ஒரே வசனத்திற் சொல்லப்பட்டுவிடுகின்றது. இருவருமே இயேசுவின் நெருங்கிய சீடர். பேதுருவுக்காக மன்றாடிய திருச்சபை யாக்கோபை மறந்திருக்குமா? ஏன் ஒருவருக்கு அப்படி, மற்றவருக்கு இப்படி என்று நூலாசிரியர் லூக்கா விளக்கவில்லை.

அடிகளாரும் விளக்க முயன்றதாகத் தெரியவில்லை. தாம் தப்பியதைத் தமது புண்ணியத்தின் பலனாக அவர் கருதவில்லை. தமக்கு அடைக்கலம் தந்ததற்காக ஒருவர் இறந்தார், எழுவர் கல் சுமக்கின்றனர் என்ற பாரத்தோடுதான் மிகுதி வாழ்நாளை அவர் வாழ வேண்டியிருந்தது. தாம் தொடர்ந்து அங்கிருந்தால் இன்னும் பல குடும்பங்கள் அழியும் என்ற நிலையில் 1690இற் குடாநாட்டைவிட்டு நீங்கி, கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்றார்.

கண்டியிற் சிறை

புத்தளத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி இருக்கவில்லை. ஓராண்டு காலம் பணி நன்றாகவே நடந்தது. அங்கேயே தங்கியிருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆனால் இலங்கையின் நடுவே இருந்த கண்டியைத் தளமாகக் கொண்டால் நாட்டின் எல்லாத் திசைக்கும் செல்லலாம் என்பதை அவர் உணர்ந்தார். 1692இற் கண்டிக்குப் புறப்பட்டார்.

அப்போது கண்டியில் ஆட்சிசெய்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன் (1687 – 1707). அவன் பக்தியுள்ள பௌத்தன். உபசம்பதா எனும் துறவறச் சடங்கை மீட்பதற்கு அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவனும் இவனே. அவனது அவையில் லானரோல் என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். அவர் கல்வீனியர். வருபவர் போர்த்துக்கேய உளவாளி என அவர் முறைப்பாடு செய்ததும், அடிகளாரும் அவரோடு இருந்த இரு கத்தோலிக்கரும் பிடிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டனர்.

இங்கே மாணவர்கள் இன்னொரு கைதியை நினைவுகூர்வது பயனுள்ளது. ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1660இற் கொட்டியாரக்குடாவிற் பிடிக்கப்பட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் காலத்திற் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்தார். தொப்பி பின்னி விற்றும் சிறு வியாபாரம் செய்தும், காடுகளையும் பாதைகளையும் பொறுமையாக ஆராய்ந்து, 1679இல் மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். நொக்ஸும் ஆழ்ந்த பக்தியுள்ளவரே. தாம் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில வேதாகமம் ஒன்றை வாங்கி, அதனையே ஆறுதலாகக் கொண்டிருந்தவர். தாம் தப்பியது இறைவனின் செயல் என்றே அவர் நம்பினார். அந்நம்பிக்கையை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. தப்பிச் செல்வதும் விடுதலைதான்.

ஆனால் யோசப் வாஸ் வேறு வழியிற் சென்றார். கண்டியிலிருந்து வெளியேற அவர் பாதை தேடவில்லை. எந்த ஊருக்குச் செல்ல வேண்டும் என்று பல ஆண்டுகளாக மன்றாடினாரோ, அந்த ஊரின் நடுவிலேயே அரசன் அவரை இருத்திவிட்டான். உணவும் காவலும் அரசனுடையவை. ஒல்லாந்தனால் அங்கே தொடவும் முடியாது. அடிகளார் சிறையிலேயே சிங்களம் கற்றார். இவர்கள் ஓடிப்போகப் போவதில்லை என்று கண்ட காவலர் மெல்ல மெல்லக் கெடுபிடியைத் தளர்த்தினர். தடுத்துவைக்கப்பட்ட இடத்திலேயே ஒரு சிறு குடிசையை ஆலயமாக்கித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பின்னர் அன்னை மரியாளின் பெயரால் ஓர் ஆலயமும் எழுந்தது. கண்டியிற் குருவின்றி வாழ்ந்த கத்தோலிக்கர் முதலில் அச்சத்தோடும் பின்னர் வெளிப்படையாகவும் வந்தனர். உடன் இருந்த கைதிகளிற் சிலரும் வேதத்தில் இணைந்தனர்.

திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்திற் பிலிப்பி நகரச் சிறையில் நிலநடுக்கத்தினாற் கதவுகள் திறந்தும் பவுலும் சீலாவும் ஓடவில்லை. அதனாற் சிறைக்காவலனின் குடும்பமே திருமுழுக்குப் பெற்றது. கண்டியில் நிலம் நடுங்கவில்லை. நாளுக்கு நாள் ஒரு விரற்கடையாகக் கதவு திறந்தது. பரீட்சையில் அடிகளாரைப் பற்றிக் கேட்டால் மாணவர்கள் மழை அற்புதத்தையே முதலில் எழுதுகின்றனர். எம்மைக் கேட்டால், அவரது வாழ்வின் மையம் இந்தச் சிறைக்காலமே. யாழ்ப்பாணத்திற் படையினரின் கையிலிருந்து தப்பியவர், கண்டியில் தப்பாமல் இருக்கக் கற்றார்.

மழையும் வைசூரியும்

1696இற் கண்டி இராச்சியத்தில் கடும் வறட்சி ஏற்பட்டது. பயிர்கள் கருகின. பிக்குகளின் வழிபாடுகளின் பின்னும் மழை பெய்யாதபோது அரசன் அடிகளாரிடமும் கேட்டுக்கொண்டான். அடிகளார் வெளியிடத்தில் பலிபீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டு மன்றாடினார். பெருமழை பெய்தது என்றும், அவரும் பலிபீடமும் நனையவில்லை என்றும் மரபு கூறும். அரசனின் மனம் இதன்பின் அவர்பால் முழுமையாகத் திரும்பியது. நடமாடவும் போதிக்கவும் அனுமதி கிடைத்தது.

விடை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதனைப் பௌத்தத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் இடையிலான போட்டியாக எழுதுதல் பிழை. வயல் கருகியது எல்லோருக்கும். மழை பெய்ததும் எல்லோருடைய வயலிலும்தான். அடிகளாரைத் தடுத்துவைத்தவனும் பின்னர் காத்தவனும் அதே பௌத்த அரசனே. ஒல்லாந்தக் கிறிஸ்தவரிடமிருந்து தப்பி வந்த கத்தோலிக்கருக்கு அவன் நாடே புகலிடமாயிற்று.

அக்காலத்திற் கோவாவிலிருந்து உதவிக்குக் குருமார் வந்து சேர்ந்தனர். அவர்களில் ஒருவரான யோசப் கர்வாலோ அடிகளாரின் மருமகன் முறையானவர். கொச்சின் ஆயர் யோசப் வாஸை இலங்கைக்கான குருமுதல்வராக நியமித்த செய்தியும் கிடைத்தது. பணியை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய வேளையில், 1697இற் கண்டியில் வைசூரி பரவியது.

வைசூரிக்கு அன்று மருந்தில்லை. ஜென்னரின் அம்மைப்பால் முறை வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன (1796). அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளிகளை உறவினரே காட்டிலும் தெருவிலும் விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடித் தூக்கிவந்து, கொட்டில்களிலும் வெறும் வீடுகளிலும் கிடத்தி, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டினர். இறந்தோரைத் தாமே குழி வெட்டிப் புதைத்தனர். எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை.

இங்கே பத்து ஆண்டுகள் பின்னோக்கி யாழ்ப்பாணத்தை நினையுங்கள். தொற்றும் என்று அஞ்சிக் காட்டோரத்தில் விடப்பட்டவர் அவர். கஞ்சி கொண்டுவந்த கை ஒன்று அன்று இருந்தது. அக்கையின் வேலையை இப்போது அவர் செய்தார். கண்டித் தெருவோரத்திற் கிடந்த ஒருவன் தன் தெய்வத்தை நோக்கி விடுதலை கேட்டு அழுதிருப்பான் அல்லவா? அவனிடம் வந்து சேர்ந்த விடுதலை, வெறுங்காலோடு கஞ்சிச் சட்டியைச் சுமந்து வந்த ஒரு மெலிந்த கொங்கணி மனிதன். மழையைவிட இந்த ஓராண்டுச் சேவையே அரசனையும் மக்களையும் அதிகம் வென்றது. அதன்பின் அவருக்கு முழுச் சுதந்திரம் வழங்கப்பட்டது.

பிற்காலம்

மிகுதி ஆண்டுகளை நடந்தே கழித்தார் எனலாம். ஒல்லாந்தரின் கட்டுப்பாட்டிலிருந்த கரையோரப் பகுதிகளுக்கும் கொழும்புக்கும் மறைவாகச் சென்று வந்தார். 1699இற் கண்டிக்குத் திரும்பிப் புதிய ஆலயப் பணியை நிறைவுசெய்தார். 1705இல் மேலும் குருமார் வந்ததும் நாட்டை எட்டுப் பிரிவுகளாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவைப் பொறுப்பாக்கினார். அவ்வாண்டு வந்தவர்களில் ஒருவரே சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றிய ஜாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். தம்மை ஆயராக்கும் முயற்சியை யோசப் வாஸ் ஏற்கவில்லை.

1707இல் இரண்டாம் விமலதர்மசூரியன் இறந்தான். அடுத்து வந்த வீர நரேந்திரசிங்கனும் அடிகளாரிடம் பெருமதிப்பு வைத்திருந்தான். 1710இல், உடல் நலிந்திருந்த நிலையிலும் இன்னொரு பயணம் சென்றார். திரும்பி வந்து படுத்தவர் எழவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிற் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. அவரது திருவிழா ஜனவரி 16இற் கொண்டாடப்படுவது இதனாலேயே. இந்நாட்டுக்கு வந்தபின் அவர் ஒருமுறையேனும் கோவாவுக்குத் திரும்பவில்லை.

அவர் கட்டிய கண்டி ஆலயம் பிற்கால மன்னன் ஒருவனின் காலத்தில் அழிந்தது. அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்கு இன்று அடையாளமில்லை. ஒல்லாந்தரின் தடைகளும் அவரது மரணத்தோடு முடியவில்லை. சில்லாலை மக்கள் கதவை மூடிக்கொண்டு மன்றாடிய அந்த விடுதலை, ஆங்கிலேயர் காலத்தில், தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இற் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கியபோதுதான் வந்தது. அடிகளார் இறந்து அப்போது தொண்ணூற்றைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தொன் பேதுரு அடிபட்டு இறந்த அந்த நத்தாருக்குப் பின் நூற்றுப்பதினாறு நத்தார்கள் கடந்திருந்தன. அடுத்த நத்தாருக்கு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் சட்டத்துக்கு அஞ்சாமல், கதவுகளைத் திறந்துவைத்தே திருப்பலி காணக்கூடியதாக இருந்தது.